உபாத்தியாயருக்கு எது பள்ளிக்கூடம்?

முகப்பேர் என்ற பெயருக்கு ஊரார் ஒரு கதை சொல்வார்கள். "மகப்பேறு" என்பதுதான் நாளடைவில் முகப்பேர் ஆயிற்றாம். அங்கே கோயில் கொண்டிருக்கும் பெருமாளுக்கும் சந்தான ஸ்ரீநிவாசர் என்றே திருநாமம். பிள்ளை வரம் வேண்டுவோர் இன்றும் அவர் சந்நிதியைத் தேடி வருகிறார்கள். பெயர் ஆராய்ச்சி எப்படியானாலும் ஆகட்டும். காலை எட்டு மணிக்கு அந்த ஊர்த் தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கதையைச் சந்தேகிக்கவே தோன்றாது. மஞ்சள் வர்ண வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொன்றின் ஜன்னலிலும் பத்துப் பன்னிரண்டு சிறு தலைகள் தெரியும். பக்கத்தில் தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்து போகும் பிள்ளைகள் வேறு.

ஒரு காலத்தில் அம்பத்தூரைச் சேர்ந்த கிராமமாக இருந்தது இவ்வூர். வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து வீடு கட்டிய பிறகு நகரமாயிற்று. ஏரி இருந்த இடத்துக்கு இன்று "ஏரித் திட்டம்" என்று பெயர். தண்ணீர் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. 2011-ல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து முகப்பேரும் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. இப்போது அங்கே பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. மாநிலப் பாடத்திட்டமா, மத்திய வாரியமா, சர்க்கார் பள்ளியா, தனியார் பள்ளியா, எது வேண்டுமானாலும் உண்டு.

சமீபத்தில் அவ்வூரில் வசிக்கும் என் பெரியம்மாள் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நெடுங்காலம் உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று எதிர்வீட்டுத் தம்பதிகள் தங்கள் குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று யோசனை கேட்க வந்திருந்தார்கள். ஆறு பள்ளிகளைப் பார்த்தாயிற்றாம். சம்பளம் எவ்வளவு, கட்டடத்துக்கு எத்தனை மாடி, வகுப்பில் குளிர்சாதனம் உண்டா, நீச்சல் குளம் உண்டா என்று எல்லாம் விசாரித்துக் குறித்து வைத்திருந்தார்கள்.

அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் சரி. அந்தப் பள்ளியில் வாத்தியார்கள் எப்போது படிக்கிறார்கள் என்று கேட்டீர்களா?" என்றார்.

வந்தவர்கள் விழித்தார்கள். வாத்தியார்கள் படித்து முடித்துத்தானே வந்திருப்பார்கள்?

அவர்கள் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற உபாத்தியாயருக்கு எது பள்ளிக்கூடம்? இதற்கு விடை தேடப் புகுந்தபோது, இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரமே நம் சென்னைப் பட்டணத்தில் கிடப்பதைக் கண்டேன்.

எழும்பூர் மணல்

1787-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1789-ல் எழும்பூரில், கம்பெனிப் படையிலிருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளிக்கு அவர் தலைவரானார். பள்ளியின் நிலைமை பரிதாபமாயிருந்தது. உபாத்தியாயர்கள் சிலரே, அந்தச் சிலருக்கும் ஊக்கமில்லை.

ஒரு நாள் காலை குதிரை மீது சவாரி போகையில், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றை அவர் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். காகிதமும் இல்லை, மசியும் இல்லை. எழுதுவதும் அழிப்பதும் நொடியில் நடந்தது. பெல் உற்சாகத்தோடு திரும்பிப் போய், தம் பள்ளியிலும் கடைசி வகுப்புக்கு இப்படியே மணலில் கற்பிக்கும்படி உத்தரவிட்டார். உபாத்தியாயர் அது நடக்காத காரியம் என்று சொல்லிவிட்டார்.

அப்போது பெல் என்ன செய்தார்? உபாத்தியாயரோடு உட்கார்ந்து பேசினாரா? ஏன் நடக்காது என்று கேட்டாரா? இல்லை. உபாத்தியாயரை ஒதுக்கிவிட்டு, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக் கொடு" என்றார். பையன் சொல்லிக் கொடுத்தான், காரியம் நடந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாணவனே தலைவனானான். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் உண்டல்லவா? வாத்தியார் இல்லாத வேளையில் அவனே வாத்தியார். பெல் துரை சட்டாம்பிள்ளையை முழு நேர உபாத்தியாயராகவே ஆக்கிவிட்டார் என்று சொல்லலாம்.

1796-ல் அவர் தாய்நாடு திரும்பி, மறு வருஷம் தம்முடைய எழும்பூர்ப் பரீட்சையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். "சென்னை முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. 1811-ல் அந்த முறையைப் பரப்புவதற்கென்று ஒரு பெரிய சங்கமே தோன்றியது. 1832-ல் பெல் காலமானபோது, அவருடைய முறையில் நடந்த பள்ளிகள் ஏறக்குறைய 12,000 என்று கணக்குச் சொல்கிறார்கள். அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833-ல் நிறுவப்பட்ட பள்ளிக்கு "மெட்ராஸ் காலேஜ்" என்று பெயர். இன்றும் அது நடக்கிறது.

நம் ஊர்த் திண்ணை மணல் கடல் கடந்து சென்று கீர்த்தி பெற்றது பற்றி நாம் பெருமைப்படலாம். ஆனால் கதையின் பின்பாதியையும் கேட்க வேண்டும். சட்டாம்பிள்ளைகளால் எழுத்தும் கணக்கும் மனப்பாடம் செய்விக்க முடிந்ததே தவிர, அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை. எட்டு வயதுப் பையனுக்குத் தெரிந்தது எட்டு வயது அளவுதானே? 1846-ல் இங்கிலாந்திலேயே அந்த முறையைத் தளர்த்தி, இளைஞர்களை ஐந்து வருஷம் பழக்கி உபாத்தியாயராக்கும் வேறு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். உபாத்தியாயரைச் சுற்றிக்கொண்டு போன பாதை மறுபடியும் உபாத்தியாயரின் வாசலிலேயே வந்து முடிந்தது.

மன்றோ எடுத்த கணக்கு

இதற்கிடையில் சென்னை ராஜதானியின் கவர்னராக வந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ல் ஜில்லா தோறும் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி ராஜதானியில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். ஸ்ரீ தரம்பால் 1983-ல் இந்தப் பழைய தஸ்தாவேஜுகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, ஆங்கிலேயர் வருமுன் இந்நாட்டில் பள்ளிக்கூடமே இல்லை என்று பேசியவர்கள் வாய் அடைத்துப் போயிற்று.

கணக்கைப் போலவே மன்றோ சொன்ன பரிகாரமும் கவனிக்கத்தக்கது. உபாத்தியாயருக்குப் போதிய வருமானமில்லை. அவருக்குப் பயிற்சி தருவாருமில்லை. ஆகவே சென்னையில் உபாத்தியாயர்களுக்கென்றே ஒரு பள்ளி வேண்டும் என்றார் அவர். 1827-ல் விஷபேதி கண்டு மன்றோ மாண்டார். அவரோடு அந்த யோசனையும் சீக்கிரத்திலேயே வலுவிழந்துவிட்டது.

1856-ல்தான் சென்னையில் சர்க்கார் உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளி உண்டாயிற்று. பின்னர் அது சைதாப்பேட்டைக்குப் போய்ப் பெரிய கலாசாலையாக வளர்ந்தது. வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் பயிற்சி பெற்றது அங்கேதான். பின்னாளில் ராஷ்டிரபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன் பயிற்சி பெற்றதும் அங்கேதான். சாஸ்திரியார் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியில் தலைமை உபாத்தியாயராக இருந்த காலத்தில், சென்னை உபாத்தியாயர்கள் கூடித் தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே விவாதிக்க ஒரு சங்கம் உருவாவதற்குக் காரணமானவர்களில் ஒருவராகவும் இருந்தார். பட்டம் பெற்றதோடு படிப்பு முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை.

ஆனால் சைதாப்பேட்டை வழி, வேலைக்குப் போகுமுன் ஒரு முறை பெறும் பயிற்சி. இருபத்திரண்டு வயதில் பெற்ற பயிற்சியை வைத்துக்கொண்டு ஓய்வு பெறும் நாள் வரையில் காலம் தள்ளிவிட முடியுமா? வைத்தியர் அப்படிச் செய்தால் அவரிடம் போவோமா? 1964 முதல் 1966 வரை விசாரணை செய்த கோத்தாரி கமிஷன் இதை நன்றாக உணர்ந்திருந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்து வருஷ சேவைக்கு ஒரு முறை இரண்டு மூன்று மாதமாவது மீண்டும் மாணவராக வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. சிபாரிசு புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் ஜில்லாவுக்கு ஓர் ஆசிரியர் கல்வி நிறுவனம் என்ற ஏற்பாடு தேசமெங்கும் தொடங்கிற்று. திருவள்ளூர் ஜில்லாவுக்கு அது திரூரில் இருக்கிறது.

பதின்மூன்று பள்ளிகள்

இனி நம் காலத்துக் கதைக்கு வருவோம்.

கர்நாடகத்தில் கோலார் ஜில்லாவில், 1972-ல் டேவிட் ஹார்ஸ்பர்க் என்ற ஆங்கிலேயர் "நீல்பாக்" என்ற சிறு கிராமப் பள்ளியை நடத்தினார். பரீட்சை கிடையாது, வகுப்புப் பிரிவு கிடையாது, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படித்தது. உபாத்தியாயர்களும் அங்கே வந்து தங்கிக் கற்றுக்கொண்டார்கள். மதனப்பள்ளிக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்த பத்மநாப ராவ் - ரமா தம்பதிகள், சுற்றுப்புறக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக இதே வழியில் ஓர் அரிய முறையை வகுத்தார்கள். பாடப் புத்தகத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, அட்டைகளை ஏணிப்படி போல் வரிசைப்படுத்தியதே அந்த முறை.

2003-ல் ஸ்ரீ எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சியின் கமிஷனராக இருந்தார். வேலூரில் கலெக்டராக இருந்த காலத்தில், வேலைத்தளங்களிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர் சிறுமியருக்குக் கல்வி தரும் பொறுப்பு அவருக்கு ஏற்பட்டது. வயது பத்து, எழுத்தறிவு பூஜ்யம் என்றிருந்த பிள்ளைகளை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? அந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்த அநுபவத்தை அவர் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

பெல் துரை செய்ததற்கும் இவர் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். உத்தரவு போட்டு அட்டைகளை அச்சடித்து அனுப்பிவிடவில்லை. மாநகராட்சிப் பள்ளி உபாத்தியாயர்களே ரிஷிவேலிக்குப் போனார்கள். கிராமப் பள்ளிகளில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தார்கள். திரும்பி வந்து, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளைத் தங்கள் கையால் எழுதினார்கள், வரைந்தார்கள், வகுப்பில் வைத்துப் பார்த்தார்கள், சரிப்படாததைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினார்கள். அப்போது அடையாற்றில் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளை நடத்திய பள்ளியைச் சேர்ந்தவர்களும் யுனிசெப் ஸ்தாபனமும் உதவிக்கு நின்றார்கள். முதலில் 13 பள்ளிகள். அவற்றில் காரியம் நடப்பதைக் கண்ட பிறகு 264 மாநகராட்சிப் பள்ளிகள். "செயல்வழிக் கற்றல்" என்று அதற்குப் பெயர் வந்தது.

வகுப்பின் தோற்றமே மாறிப்போயிற்று. பெஞ்சுகள் வெளியேறின, வர்ணப் பாய்கள் உள்ளே வந்தன. கரும்பலகை சுவரின் மேற்பகுதியிலிருந்து இறங்கி, குழந்தையின் கை எட்டும் உயரத்தில் சுற்றிலும் ஓடிற்று. தலைக்கு மேல் கட்டிய கம்பிகளில் பிள்ளைகளின் சித்திரங்கள் தொங்கின. வருகைப் பதிவையும் அன்றைய வானிலையையும் பிள்ளைகளே குறித்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் சுவரிலுள்ள ஏணியைப் பார்த்துத் தான் நிற்கும் படியை அறிந்து, அந்தப் படிக்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்தச் சின்னம் காட்டும் குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் முழு உதவி செய்யும் குழு ஒன்று, ஓரளவு உதவி செய்யும் குழு ஒன்று, சக மாணவர் உதவும் குழுக்கள் இரண்டு, தானே படிக்கும் குழு ஒன்று, தேர்வுக்குழு ஒன்று, ஆக ஆறு. நாலு நாள் ஜுரத்தில் படுத்திருந்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடங்கும். வகுப்பு அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அதை விட்டு ஓடவும் வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் சட்டாம்பிள்ளையும் இருக்கிறான், பாருங்கள்! ஆனால் இப்போது அவன் உபாத்தியாயருக்குப் பதில் அல்ல, உபாத்தியாயருக்குத் துணை.

"பாயில் உட்கார முதலில் எனக்கு வெட்கமாயிருந்தது" என்றார் அக்கா. "இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவள். கீழே உட்கார்ந்தால் பிள்ளைகள் மதிப்பார்களா என்ற பயம். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. நாற்காலியிலிருந்து பார்க்கும்போது எனக்கு நாற்பது தலைகள்தாம் தெரியும். பாயிலிருந்து பார்த்தால், ஒவ்வொரு முகமும் தெரிந்தது."

"பயிற்சியில் என்னக்கா சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"சொல்லிக் கொடுத்தது கொஞ்சம். கேட்டதுதான் அதிகம். உன் வகுப்பில் எந்தக் குழந்தைக்கு எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அத்தனை வருஷ உத்தியோகத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பாடம் முடிந்ததா என்றுதான் கேட்பார்கள்."

கடைமடைக்குப் போன தண்ணீர்

நல்ல காரியத்துக்கு நம் நாட்டில் ஓர் ஆபத்து உண்டு. அது பலித்துவிட்டால், உடனே எல்லா இடத்திலும் செய்ய வேண்டும் என்று அவசரம் வந்துவிடும்.

ஸ்ரீ விஜயகுமார் பின்னர் மாநில அளவில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பொறுப்பை ஏற்றார். 2007-08-ல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டின் 37,000-க்கும் மேற்பட்ட சர்க்கார், உதவி பெறும் பள்ளிகளுக்குப் போயிற்று. பதின்மூன்றிலிருந்து முப்பத்தேழாயிரம், இடையில் நாலே வருஷம். வேறு மாநிலங்களிலிருந்தும் வெளிதேசங்களிலிருந்தும் அதிகாரிகள் வந்து பார்த்து வியந்தார்கள். அதில் வியக்கத்தக்கது உண்டு என்பதில் சந்தேகமில்லை. குக்கிராமத்துப் பள்ளியிலும் குழந்தை அடிக்குப் பயப்படாமல் தானே எழுந்துபோய் அட்டையை எடுத்தது. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழிக்கு அந்த வகுப்புகளில் இடமில்லாமல் போயிற்று.

ஆனால் முதல் பதின்மூன்று பள்ளி உபாத்தியாயர் அட்டையை எழுதியவர்; முப்பத்தேழாயிரத்தில் ஒருவரான உபாத்தியாயருக்கு அட்டை அச்சாகி வந்தது. முன்னவர் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்தவர். பின்னவருக்கு, பார்த்தவரிடம் கேட்டவரிடம் கேட்டவர் வந்து சொன்னார். தலைநகரில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் ஜில்லாவில் சிலருக்கு. அவர்கள் ஒன்றியத்தில் சிலருக்கு. காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் கரை புரண்டு போகும் தண்ணீர், கடைமடை வயலுக்குச் சேரும்போது கால் நனையக் காணாது. அட்டை தேய்ந்தது, தொலைந்தது, புதிது வரவில்லை. அட்டையின் தாத்பரியம் தெரிந்தவர் அதைத் தாமே எழுதிக்கொள்வார். தெரியாதவர் வரும் வரையில் காத்திருப்பார். பெற்றோர்களிலும் பலர், "வீட்டுப் பாடம் இல்லை, புத்தகம் இல்லை, பிள்ளை விளையாடிவிட்டு வருகிறது" என்று குறைப்பட்டார்கள். அவர்களுக்கும் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

ஆகவே இந்த முறை தோற்றதென்றோ ஜெயித்ததென்றோ நான் தீர்ப்புக் கூறப் போவதில்லை. உபாத்தியாயர் அதைத் தம்முடையதாக நினைத்த இடத்தில் அது உயிரோடிருந்தது. மேலிடத்து உத்தரவாக நினைத்த இடத்தில் சடங்காயிற்று. இவ்வளவே நான் கண்டது.

அதன் பின்னர் நடந்தவை அநேகம். 2011-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்வி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. டாக்டர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் 2017-ல் குழு அமைந்து, 2018 முதல் புதிய பாடப் புத்தகங்கள் வெளிவந்தன. கைப்பேசியைக் காட்டினால் படம் ஓடும் கட்டக் குறிகள் கூட அவற்றில் உண்டு. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் மறந்துபோன துயரத்துக்குப் பரிகாரமாக, 2022 ஜூன் 13-ந் தேதி திருவள்ளூர் ஜில்லா அழிஞ்சிவாக்கத்தில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கிற்று. முகப்பேரிலிருந்து வடக்கே புழல் பக்கம் போனால் அந்த ஊர் வெகு தூரமில்லை. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் எழுத்துக் கூட்டிப் படிக்கவும், கூட்டிக் கழிக்கவும் வேண்டும் என்பது நோக்கம். ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகக் குழந்தைகளைப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பருவந்தோறும் உபாத்தியாயருக்குப் பயிற்சியும் கையேடும் தருகிறார்கள்.

கையேடு நல்லதுதான். புதிதாக வந்த உபாத்தியாயருக்கு இருட்டில் கைவிளக்கு மாதிரி உதவும். ஆனால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கையேடே சொல்ல ஆரம்பித்தால், உபாத்தியாயர் தம் எதிரே உள்ள குழந்தையைப் பார்ப்பாரா, கையேட்டைப் பார்ப்பாரா?

பயிற்சி என்னும் சம்பிரதாயம்

பயிற்சிக் கூட்டம் என்றாலே முகம் சுளிக்கும் உபாத்தியாயர்களை நேயர்கள் சந்தித்திருப்பீர்கள். அவர்கள் மீது மட்டும் குற்றமில்லை. நானே ஒரு முறை அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். திரையில் எழுத்துக்கள் ஓடின. பிரசங்கியார் அவற்றை அப்படியே வாசித்தார். குழந்தைகளுக்கு நீண்ட பிரசங்கம் செய்யக் கூடாது என்பது அன்றைய விஷயம். அதைப் பற்றி அவர் இரண்டரை மணி நேரம் பேசினார். காப்பி நன்றாயிருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் ஜப்பானில் நெடுங்காலமாக உண்டு. ஒரு பள்ளி உபாத்தியாயர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பல வாரம் யோசித்துத் தயாரிப்பார்கள். ஒருவர் அதை வகுப்பில் நடத்துவார். மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், யாரை? உபாத்தியாயரை அல்ல, குழந்தைகளை. எந்த இடத்தில் முகம் மலர்ந்தது, எந்த இடத்தில் கண் ஜன்னல் பக்கம் போயிற்று என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு எல்லோரும் கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். இதற்குப் பெரிய பணச் செலவில்லை. வேண்டியது நேரமும் கூச்சமின்மையும்தான். நம் தமிழ்நாட்டில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துக் குறுவள மையம் என்றும், அதற்கு மேல் வட்டார வளமையம் என்றும் ஏற்பாடுகள் இருக்கின்றன. மேலிடத்துச் செய்தியை வாசித்துக் காட்டும் இடமாக அவை இருக்கலாம். அல்லது ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துக் கற்கும் இடமாகவும் ஆகலாம். எது ஆகும் என்பது பெரும்பாலும் தலைமை உபாத்தியாயரைப் பொறுத்தது.

ஆனால் அந்தத் தலைமை உபாத்தியாயர் எங்கே? சீருடைக் கணக்கு, சைக்கிள் கணக்கு, சத்துணவுக் கணக்கு, கணினியில் ஏற்ற வேண்டிய புள்ளி விவரம் ஆகியவற்றின் நடுவே எங்கோ இருக்கிறார். தனியார் பள்ளியானால் கட்டணக் கணக்கு. காலை முதல் மாலை வரையில் ஒரு வகுப்பில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்க அவருக்கு ஒழிவதில்லை. சாஸ்திரியார் போன்ற ஒருவர் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், அவரும் குமாஸ்தாவாகத்தான் ஆகியிருப்பாரோ என்னவோ!

2025 செப்டம்பர் 1-ந் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ள உபாத்தியாயர்கள், முன்பே வேலையில் சேர்ந்தவர்களானாலும், இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. இருபது வருஷம் சொல்லிக் கொடுத்தவர்கள் பலர் மீண்டும் புத்தகத்தோடு உட்கார நேர்ந்தது. தீர்ப்பின் நியாயத்தை நாம் இங்கே விவாதிக்க வேண்டாம். பரீட்சை என்பது நெல்லை அளக்கும் மரக்கால். மரக்காலை எத்தனை முறை போட்டாலும் நெல் விளையாது. விளைவதற்கு வயலில் வேலை நடக்க வேண்டும்.

முகப்பேர்த் தாய்மார்களுக்கு

சர்க்கார் பள்ளி உபாத்தியாயருக்காவது மேற்சொன்ன ஏற்பாடுகள் உண்டு. முகப்பேரைப் போன்ற புறநகர்களில் பெரும்பாலான நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பது தனியார் பள்ளிகளில். அங்கே உபாத்தியாயரின் படிப்பு முழுவதும் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. மத்திய வாரியமான சி. பி. எஸ். இ., தன்னைச் சேர்ந்த பள்ளி உபாத்தியாயர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 50 மணி நேரம் தொழில் பயிற்சி பெற வேண்டும் என்று விதித்திருக்கிறது. கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட இல்லை. அந்த ஒரு மணி உண்மையில் கொடுக்கப்படுகிறதா? ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக் கொடுக்கப்படுகிறதா? அல்லது காகிதத்தில் மட்டும் கொடுக்கப்படுகிறதா? இதைக் கேட்கும் உரிமை கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு உண்டு.

கேட்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பெற்றோர் மார்க்கைப் பற்றியே கேட்டால், பள்ளிக்கூடம் மார்க்கை விற்கும். கட்டடத்தைப் பற்றிக் கேட்டால், இன்னொரு மாடி கட்டும். உபாத்தியாயரின் படிப்பைப் பற்றிப் பத்துப் பேர் கேட்க ஆரம்பித்தால், பதினோராவது பெற்றோர் வரும்போது பள்ளிக்கூடம் பதில் தயாராக வைத்திருக்கும்.

நான் விடைபெற்றுக்கொள்ளும்போது அக்கா அலமாரியிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்துக் காட்டினார். ஓரம் மடங்கி, வர்ணம் மங்கிப் போயிருந்தது. மூலையில் ஓர் அணிலின் சித்திரம். கீழே அவருடைய கையெழுத்தில் நாலு சொற்கள்.

"இது சரியாக வரவில்லை என்று ஒதுக்கியது. மூன்றாம் தடவை எழுதியதுதான் வகுப்புக்குப் போயிற்று" என்றார்.

"பின்னே இதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

"நான் கற்றுக்கொண்டது இதில்தானே, தம்பி?"

தெருவுக்கு வந்தபோது மணி நாலு. மஞ்சள் வண்டிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று, கைப்பேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் தாண்டிப் போகையில் ஒரு வாக்கியம் காதில் விழுந்தது.

"இல்லைங்க, கட்டணமெல்லாம் கேட்டாச்சு. உங்க டீச்சர்களெல்லாம் எப்போ படிக்கிறாங்க, அதைச் சொல்லுங்க."

மறுமுனையில் வெகு நேரம் பதில் வரவில்லை போலிருக்கிறது. அந்த அம்மாளும் போனை வைத்துவிடாமல் காத்துக்கொண்டிருந்தார்.